மூலமும் உரையும் கலவாமல் எழுத ஆறு எளிய குறிகள்

எங்கள் அப்பாவின் கடைக் கணக்கேட்டைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டவே கற்றுக்கொண்டேன். பேரேட்டில் ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு குறி இருக்கும். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. தேதி போடுகிற இடத்தில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵. இந்தக் குறிகளுக்குத் தனி மை கிடையாது, தனிப் பேனா கிடையாது. கணக்குப்பிள்ளை வேறு ஊருக்குப் போனாலும், ஏடு வேறு கைக்கு மாறினாலும், எது வந்த பணம், எது போன பணம் என்பதில் சந்தேகமே வராது. யூனிகோடு எழுத்துத் தரம் 2003ஆம் ஆண்டின் 4.0 பதிப்பில் இந்தக் குறிகளுக்கும் இடம் கொடுத்தது. ஆகவே இன்று கணினியிலும் இவற்றை எழுதலாம்.

இந்தக் கட்டுரையின் பொருளும் அதுதான். நாம் எழுதுகிற எழுத்தில் "இது தலைப்பு, இது பாட்டு, இது உரை, இது பிறர் சொன்னது" என்பதைச் சாதாரண விசைப்பலகையில் உள்ள குறிகளாலேயே காட்டுவது எப்படி? இதைக் கணினித் துறையில் 'எளிய குறியீட்டு மொழி' என்கிறார்கள். மொழி என்றதும் பயப்பட வேண்டாம். பேரேட்டுக் குறிகளைப் போல நாலைந்து அடையாளங்கள், அவற்றுக்கு ஒரு கட்டுப்பாடு, அவ்வளவுதான்.

நான் கணினி படித்தவன் அல்ல. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1981இல் மும்பைக்கு வந்து பித்தளைச் சாமான் வியாபாரம் செய்தவன். இதற்குள் நான் நுழைந்ததற்குக் காரணம் ஒரு நஷ்டம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன நிறம் திரும்பவில்லை

அப்பா நாலடியாருக்குத் தமக்குத் தோன்றிய விளக்கங்களை மூன்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். நாலடியார் 40 அதிகாரங்களில் 400 வெண்பாக்கள் கொண்ட நூல். எல்லாப் பாட்டுக்கும் அவர் எழுதவில்லை. எழுதிய இடங்களில், தமக்கு நிச்சயமில்லாத கருத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சுழி போட்டிருப்பார். "சந்தேகத்தையும் எழுதி வைக்கணும்டா. இல்லேன்னா பின்னால வர்றவன் அதைத் தீர்ப்புன்னு நினைச்சுக்குவான்" என்பார்.

1996இல் அவர் காலமானார். 1999 தொடங்கி இரண்டு வருடம், கடை மூடிய பிறகு இரவில் உட்கார்ந்து அந்த நோட்டுகளைக் கணினியில் அடித்தேன். பாட்டைத் தடித்த எழுத்தில் வைத்தேன். அப்பாவின் சந்தேகங்களைச் சிவப்பு நிறத்தில் வைத்தேன். மொத்தம் 73 இடங்கள் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2005 ஜூலை 26ஆம் தேதி மழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். நோட்டுகள் கூழாகிவிட்டன. "போனால் போகட்டும், கணினியில்தான் இருக்கிறதே" என்று தேற்றிக்கொண்டேன். 2012இல் கணினியை மாற்றினோம். பழைய கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் கோணல் குறிகளுமாக இருந்தது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு போனால் எழுத்தும் போய்விடும். யூனிகோடு பரவலாகப் புழங்காத காலத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான் அடித்தோம்.

புனேயில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு எழுத்துகளை மீட்டுக் கொடுத்தான். ஆனால் அந்த மாற்றி வெறும் எழுத்தை மட்டுமே வாங்கிக்கொள்ளும். எழுத்து வந்தது, நிறம் வரவில்லை. 73 சந்தேகங்களும் மற்ற வரிகளோடு வரியாகக் கலந்து நின்றன. அப்பா எதைத் தீர்மானமாகச் சொன்னார், எதைத் தயங்கிச் சொன்னார் என்று பிரிக்க முடியவில்லை. எந்தக் கதிக்குப் பயந்து அவர் சுழி போட்டாரோ, அந்தக் கதியை அவர் மகனே கொண்டுவந்து விட்டேன்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. நிறமும் தடிமனும் கண்ணுக்குத் தெரிகிற கோலம். ஒரு வரி என்ன வகை என்பதை அந்தக் கோலத்தில் ஒப்படைக்கக் கூடாது. வகையைச் சொல்லும் அடையாளம் எழுத்தோடு எழுத்தாக இருக்க வேண்டும். எழுத்து எங்கே போனாலும் அது கூடவே போகும்.

நம் முன்னோரும் பட்ட பாடு

இது புதிய கஷ்டம் அல்ல. ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. பத்தி பிரிப்பது கிடையாது. மூலம், உரை, உரைக்குள் வரும் மேற்கோள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது, எது மூலம், எது உரை, எது மேற்கோள் என்று பிரிப்பதே பெரிய உழைப்பாக இருந்தது.

ஆனால் உரைகாரர்களிடமும் ஒரு தந்திரம் இருந்தது. பொருள் சொல்லி முடித்ததும் 'என்றவாறு' என்று ஒரு சொல் வைப்பார்கள். அது அழகுக்கு வைத்த சொல் இல்லை, முடிவுக் குறி. பிற்காலப் பதிப்புகளில் (இ-ள்) என்று கண்டால் 'இதன் பொருள்' தொடங்குகிறது என்று நமக்குத் தெரியும். (வி-ரை) என்றால் விளக்க உரை. இவையெல்லாம் கணினி இல்லாத காலத்து எளிய குறியீடுகள்தானே? வாசிப்பவருக்கு எந்த இயந்திரமும் வேண்டாம், கண் போதும்.

கணினிக்காரர்கள் நடந்து வந்த வழி

கணினி உலகில் இந்த வழி 1964இல் தொடங்குகிறது என்று சொல்லலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்ஸர் 'ரன்ஆஃப்' என்ற செயலியை எழுதினார். புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை, மற்ற வரி எழுத்து. ஆனால் அந்தக் கட்டளைகள் பெரும்பாலும் "இடம் விடு, பக்கம் திருப்பு" என்ற மாதிரி, தோற்றம் பற்றியவை. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்பும் அவருடைய இரு தோழர்களும் அடுத்த படிக்குப் போனார்கள். "எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதாதே, அது என்ன என்று எழுது" என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த மாற்றம். அதன் வழியில் 1986இல் எஸ்.ஜி.எம்.எல். உலகத் தரமாயிற்று. இணையப் பக்கங்களின் எச்.டி.எம்.எல். அதன் வாரிசு. 1998இல் வந்த எக்ஸ்.எம்.எல். அதன் சுருக்கம்.

கொள்கை உயர்ந்தது. ஆனால் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் பெயர் எழுத வேண்டும். அதை அப்படியே படித்தால், நெல்லைவிட உமி அதிகமாகத் தெரியும்.

இதற்கு மாற்றாக, மின்னஞ்சல் எழுதுவோர் தாமாகவே சில வழக்கங்களை வைத்துக்கொண்டார்கள். அழுத்திச் சொல்ல இருபுறமும் நட்சத்திரக் குறி, பிறர் எழுதியதைக் காட்ட வரித் தலையில் அம்பு முனை. இந்த வழக்கங்களை ஒழுங்குபடுத்திப் பலர் பல மொழிகள் செய்தார்கள். 1992இல் செட்எக்ஸ்ட், 2002இல் டெக்ஸ்டைல், அதே காலத்தில் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், ஆஸ்கிடாக். 2004இல் ஜான் க்ரூபர் என்பவர், ஆரன் ஸ்வார்ட்ஸின் துணையோடு, 'மார்க்டவுன்' என்பதை வெளியிட்டார். குறி போட்ட எழுத்தை மாற்றாமல் அப்படியே ஒருவர் கையில் கொடுத்தாலும் இயல்பாகப் படிக்க வர வேண்டும் என்பது அவருடைய முதல் நோக்கம். இன்று உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது அதுவே. 2016 முதல் வாட்ஸ்அப்பில் நாமும் நட்சத்திரக் குறி போட்டுத் தடித்த எழுத்து வரவழைக்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதே ஒற்றை நட்சத்திரம் மார்க்டவுனில் சாய்வெழுத்தைத் தரும் என்பதையும் கவனியுங்கள். ஊருக்கு ஊர் படி அளவு மாறுகிற மாதிரி!

நான் வைத்துக்கொண்ட ஆறு

மார்க்டவுனை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று அக்கா மகன் கேட்டான். முயன்று பார்த்தேன். பாட்டின் நான்கு அடியையும் அது ஒரே பத்தியாகச் சேர்த்துவிடுகிறது. அடி பிரிய வேண்டுமானால் வரி முடிவில் இரண்டு வெற்றிடம் விட வேண்டும் என்பது அதன் பழைய விதி. கண்ணுக்குத் தெரியாத குறியை நான் எப்படிச் சரிபார்ப்பேன்? சரி, பாட்டை உள்ளே தள்ளி எழுதலாம் என்று நான்கு வெற்றிடம் விட்டால், அதைக் கணினி நிரல் என்று எடுத்துக்கொள்கிறது. புரோகிராம் எழுதுவோருக்கு அது வசதி. வெண்பா எழுதுவோருக்கு இல்லை.

ஆகவே எங்கள் தேவைக்குச் சொந்தமாக ஒன்று வகுத்தோம். முதல் வரைவில் 22 குறிகள். ஒரே மாதத்தில் எனக்கே பாதி மறந்துவிட்டது. சந்தை நாளில் கணக்கு எழுதுகிறவன் நினைவில் நிற்காத குறி குறியே அல்ல என்று தள்ளித் தள்ளி ஆறுக்கு வந்தேன்.

# அதிகாரத் தலைப்பு
| மூலம் (ஒவ்வோர் அடியும் தனி வரி)
> பிற நூலிலிருந்து வரும் மேற்கோள்
? அப்பாவின் ஐயம்
+ என் சேர்க்கை
*…* நூற்பெயர்

குறி எதுவும் இல்லாத வரி அப்பாவின் உரை. அதிகம் வருவது எதுவோ அதற்குக் குறி வைக்கக் கூடாது என்பது முதல் பாடம். நிற்கோட்டை ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டிலிருந்து கடன் வாங்கினேன். அங்கே அது அடி பிரித்து எழுதவே பயன்படுகிறது. ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

# 14. கல்வி

| (முதல் அடி)
| (இரண்டாம் அடி)
| (மூன்றாம் அடி)
| (நான்காம் அடி)

கூந்தலும் உடையும் பூச்சும் தரும் அழகைவிடக் கல்வி தரும் அழகே அழகு என்பது கருத்து.

? பூச்சு மஞ்சள் பெண்டிருக்கு மட்டும் சொன்னதா, இருபாலார்க்கும் பொதுவா?

+ அப்பா இந்தப் பாட்டை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கடைத் திண்ணையில்.

இதைப் படிக்க எந்தச் செயலியும் தேவையில்லை. அச்சுக்குப் போகும்போது மட்டும் அக்கா மகன் எழுதிக் கொடுத்த சிறிய நிரல் இதை மாற்றிக் கொடுக்கும். அது செய்வது மிக எளிது. வரியின் முதல் எழுத்தைப் பார்க்கும், அது எந்த வகை என்று தீர்மானிக்கும், வெற்று வரி வந்தால் அந்தப் பகுதியை முடிக்கும். நாளைக்குப் பாட்டைச் சிவப்பில் அச்சிட வேண்டுமா, தடித்த எழுத்திலா என்பதை ஓரிடத்தில் மாற்றினால் 400 பாட்டிலும் மாறும்.

இடறிய இடங்கள்

வகுப்பது சுலபம், வழுக்குகிற இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தமிழுக்கே உரியது. *நாலடியார்* என்று குறி போட்டேன். 'நாலடியாரில்' என்று வந்தால் எங்கே முடிப்பது? ரகர மெய்யும் இகரமும் சேர்ந்து 'ரி' ஆகிவிட்டது. நடுவில் நட்சத்திரத்தை நுழைத்தால் இகரக் கொக்கி அனாதையாகி, ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். *நாலடியார்*இல் என்று பிரித்து எழுதினால் கண்ணுக்கு உறுத்துகிறது. ஆங்கிலத்துக்கு வகுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாகத் தோன்றியிருக்காது. அங்கே சொல்லுக்குப் பின் வெற்றிடம் வரும், நமக்கு வேற்றுமை உருபு வந்து ஒட்டும். மார்க்டவுனின் இன்றைய விதிப்படி அடிக்கோட்டுக் குறி போட்டு உடனே உருபை ஒட்டினால் அந்தக் குறி முடிவதே இல்லை. நாங்கள் கண்ட தீர்வு: உருபோடு சேர்த்து முழுச் சொல்லுக்கும் குறி. பெயர் அகராதிக்கு வேண்டிய இடமானால் '*நாலடியார்* என்னும் நூலில்' என்று எழுதுவது. 'என்னும்' என்ற சொல்லை வைத்திருந்த நம் மொழிக்கு நன்றி.

இரண்டாவது, குறியே எழுத்தாகவும் வரும் இடம். மார்க்டவுனில் பத்தித் தொடக்கத்தில் '1887.' என்று ஆண்டும் புள்ளியும் வெற்றிடமும் வந்தால், அது வரிசைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். அதன் முதல் செயலி அதை 1 என்றே மாற்றி அச்சிடும். ஆகவே, வழக்கமான எழுத்தில் வரித் தலையில் வராத குறியாகத் தேடி எடுக்க வேண்டும். தமிழில் எந்த வாக்கியமும் கேள்விக்குறியில் தொடங்காது. அதனால்தான் ஐயத்துக்கு அதை வைத்தேன். தப்பித் தவறி வந்தால், முன்னால் ஒரு பின்சாய்கோடு ( \ ) போட்டால் அது வெறும் எழுத்து என்று பொருள். வீட்டுக்கு ஒரு காவல்காரன் மாதிரி, எல்லா மொழிக்கும் இப்படி ஒன்று வேண்டும்.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் என்ன செய்வது? எக்ஸ்.எம்.எல்.லில் ஓர் அடைப்பு விட்டுப்போனாலும் செயலி மேலே படிக்க மறுத்துவிடும். மார்க்டவுனில் எதுவுமே தவறில்லை, என்ன எழுதினாலும் ஏதோ ஒன்றாக வந்துவிடும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் இரவு கணக்கு ஒட்டவில்லையென்றால் கடையை இழுத்து மூடிவிட்டு ஓடுவதில்லை, பரவாயில்லை என்று விடுவதும் இல்லை. துண்டுச் சீட்டில் எழுதி மேலே செருகுவோம். எங்கள் நிரலும் அப்படியே. தெரியாத குறியை உரை என்று வைத்துக்கொண்டு, "இத்தனையாவது வரியில் சந்தேகம்" என்று கடைசியில் பட்டியல் கொடுக்கும்.

விதியை எழுதி வையுங்கள்

மார்க்டவுன் கதையில் இன்னொரு படிப்பினை உண்டு. க்ரூபர் தந்த விளக்கம் எளிமையானது, ஆனால் ஐயமான இடங்கள் பலவற்றுக்கு அதில் விடை இல்லை. பட்டியலுக்கு முன் வெற்று வரி வேண்டுமா? ஒன்றுக்குள் ஒன்று வந்தால் எவ்வளவு உள்ளே தள்ளுவது? செயலி எழுதியவர்கள் ஆளுக்கொரு விடை வைத்துக்கொண்டார்கள். ஒரே பக்கம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிந்தது. பத்தாண்டுக்குப் பின், 2014இல், தத்துவப் பேராசிரியரான ஜான் மாக்ஃபர்லேன், ஜெஃப் ஆட்வுட் முதலியோர் சேர்ந்து 'காமன்மார்க்' என்ற பெயரில் ஐயமற்ற விதிநூல் எழுதினார்கள். அதில் 600க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் "இப்படி எழுதினால் இப்படித்தான் வர வேண்டும்" என்று சொல்லும். சூத்திரம் மட்டும் போதாது, காட்டும் வேண்டும் என்பது நம் இலக்கண உரைகாரர்கள் கண்ட வழி. அதே வழிக்குத்தான் இவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் ஆறு குறிக்கும் ஒரு பக்க விதியும் இருபது எடுத்துக்காட்டும் எழுதி, கோப்பின் தலையிலேயே வைத்திருக்கிறேன். சாவியைப் பூட்டோடு கட்டி வைக்கிற மாதிரி தோன்றும். ஆனால் இது திருடனுக்கு வைத்த பூட்டு இல்லையே, பேரப்பிள்ளைகளுக்கு வைத்தது.

ஆறே போதுமா என்றால், எல்லோருக்கும் போதாது. ஐந்து சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் புலவருக்கு டி.இ.ஐ. என்ற பெரிய ஏற்பாடு இருக்கிறது. 1987இல் தொடங்கிய அந்தத் திட்டம் சுவடியின் கிழிசலைக்கூடக் குறிக்க வழி சொல்லும். எளிய குறியில் ஒழுங்காக எழுதியதைப் பின்னால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஒழுங்கில்லாமல் நிறத்தில் எழுதியதை எதற்கும் மாற்ற முடியாது. அது நான் பட்டது.

அக்காவின் தேர்வு

எல்லாம் முடிந்ததும் பத்துப் பக்கத்தை அச்செடுத்து, மாற்றாமல் குறிகளோடு அப்படியே, ஊரில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். அக்கா கணினியைத் தொட்டதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "கோடு போட்டது பாட்டு, சரி. கூட்டல் போட்டது நீ எழுதினது, உன் பேச்சு தெரியுது. இந்தக் கேள்விக்குறி அப்பாவோட சுழிதானே?" என்றார். நான் விளக்கம் சொல்லவே இல்லை.

பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து முழு உரையையும் வரி வரியாகப் படித்தோம். அப்பா சுழி போட்ட இடங்களை அக்கா நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். 73இல் 41 இடங்களை மீட்டோம். மீதி 32 எங்கே என்று தெரியவில்லை. அதையும் ஒரு கூட்டல் குறி போட்டு முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: குறி இல்லாத வரிகளிலும் அப்பாவின் ஐயங்கள் கலந்திருக்கலாம், அது என் பிழை என்று.

இடைச்செருகல் என்று நூல்களில் குறை சொல்கிறோம். எல்லாம் யாரோ கள்ளத்தனமாகச் செருகியது என்று நான் இப்போது நினைப்பதில்லை. ஓரத்தில் ஒருவர் எழுதிய குறிப்புக்கு அடையாளம் இல்லாமல் போனால், அடுத்துப் படி எடுப்பவர் அதை உள்ளே சேர்த்துவிடுவார். ஒரு கூட்டல் குறி இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் பாட்டியின் சமையல் குறிப்பு, தாத்தாவின் கடிதம், குலதெய்வக் கதை என்று எழுதி வைக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் தட்டச்சு செய்ய முன்வந்தால், யூனிகோடில், வெறும் எழுத்துக் கோப்பாக அடிக்கச் சொல்லுங்கள். வரித் தலையில் இரண்டு குறி மட்டும் சொல்லிக் கொடுங்கள்: பெரியவர் சந்தேகப்பட்டுச் சொன்னதற்கு ஒன்று, பிள்ளை தானாகச் சேர்த்ததற்கு ஒன்று. மற்றவை தேவைப்படும்போது தாமே வரும். விதியை முதல் பக்கத்தில் எழுதி, ஒரு படி காகிதத்திலும் எடுத்து மேல் அலமாரியில் வையுங்கள். கீழ்த் தட்டு வேண்டாம், மழை வரும்.